அடைவும் அடைதலும் – நிறுவனங்கள் கண்டடையப்படுவது குறித்துச் சில குறிப்புகள்

கடந்த பொங்கல் விடுமுறையில் சுருளிப்பட்டிக்குச் சென்றிருந்தேன். சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்தபோது சித்தப்பா நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். "நீ தமிழ் வாத்தியாருதானப்பா, இதப் படிச்சுச் சொல்லு. தமிழ்லதான் எழுதியிருக்கான், ஒண்ணும் வெளங்கல" என்றார். பன்னீர் திராட்சை பயிரிடும் சில குடும்பங்கள் சேர்ந்து ஊரில் ஒரு சிறு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு ஒரு நிறுவனம் அனுப்பியிருந்த விலைப்புள்ளி அது. 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று தலைப்பிட்டிருந்தது. மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால் மூன்றே மாதத்தில் கூகிளில் முதலிடம் என்று உறுதி கூறியிருந்தார்கள்.

"போனுல நம்ம ஊரு பேரப் போட்டா சினிமாக்காரன் வர்றான், அருவி வருது. நாம வரல. அதான் கேட்டோம்" என்றார் சித்தப்பா. அவர் சொன்னது உண்மைதான். அன்று நானும் தேடிப் பார்த்தேன். சுருளி என்றால் அருவி வருகிறது. பெரியகுளத்தில் பிறந்த நகைச்சுவை நடிகர் சுருளிராஜன் வருகிறார். 2021இல் வெளியான 'ஜகமே தந்திரம்' படத்தின் நாயகன் பெயரும் சுருளிதான். அதே ஆண்டில் வெளிவந்த ஒரு மலையாளப் படத்துக்குப் பெயரே 'சுருளி'. கம்பம் என்றால் மின்கம்பமும் கொடிக்கம்பமும் வருகின்றன. ஆங்கில எழுத்தில் இட்டால் பெரிய ஏரியொன்றால் பெயர்பெற்ற ஆந்திர மாநிலத்துக் கம்பம் வந்து முன்னால் நிற்கிறது. தேனியைத் தேடுபவருக்குத் தேனீயும் பறந்து வருகிறது. இத்தனைக்கும் 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சட்டப்படி உலகுக்கே அறிவிக்கப்பட்ட பெயர் அது. ஆனால் அதை விளைவிப்பவர்களை வெளியூரான் ஒருவன் கண்டுபிடிக்க வழியில்லை.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கத் தொடங்கியபோது, இது தமிழாசிரியன் ஒருவனுக்குத் தொடர்பில்லாத கேள்வி அல்ல என்று தோன்றியது. தேடுபவன் கையில் பொருள் அகப்படும்படி சொல்லை எவ்வாறு அடுக்கி வைப்பது என்ற கேள்வியோடு தமிழ் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருக்கிறது.

*

நிகண்டுகளிலிருந்து தொடங்கலாம். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. முதல் பத்துத் தொகுதிகளும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருளை வகைப்படுத்தி, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினோராவது தொகுதி இதற்கு மறுதலை. ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி என்பது அதன் பெயர்.

இன்றைய தேடுபொறிகளை வாட்டும் இரண்டு சிக்கல்களும் இவைதாம். வேண்டுபவன் 'பன்னீர் திராட்சை' என்று தேடலாம். 'கருப்புத் திராட்சை' என்று தேடலாம். தோட்டக்கலை படித்தவனாயின் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று தேடலாம். மூன்றும் ஒரே பழம். இது ஒரு பொருள் பல பெயர். சுருளியும் கம்பமும் தேனியும் ஒரு சொல் பல பொருள். திவாகரர் இரண்டு தனித் தொகுதிக் கூட்டங்களாகப் பிரித்து வைத்த இச்சிக்கலைத்தான் பெருங்கணினிகள் இன்று நொடிக்கு நொடி தீர்க்க முயல்கின்றன.

நிகண்டு மனப்பாடத்துக்கு உரியது. செய்யுளை முழுதும் நெஞ்சில் வைத்திருப்பவனுக்கே அது பயன்படும். வெளியிலிருந்து வரும் புதியவனுக்கு அதில் நுழைவாயில் இல்லை. அந்த வாயிலைத் திறந்தது எழுத்து வரிசை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கியது. அகரம் ஆதியாக வருவதால் அகராதி. இன்று நாம் பொதுப்பெயராக வழங்கும் சொல் அந்நூலின் பெயரிலிருந்து வந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் அகரவரிசையில். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்து வடிவிலேயே வேறுபடுத்திக் காட்டியதும் அவர் செய்த சீர்திருத்தமாகப் போற்றப்படுகிறது. சொற்களை வரிசைப்படுத்த முனைந்தவருக்கு எழுத்தின் மயக்கம் எவ்வளவு இடையூறு என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். வரிசையில் நிறுத்துவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே உருவம் வேண்டும். இந்த உண்மையை நாம் மறந்து, பிறகு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். மூலமும் உரையும் முடிந்த பின் அரும்பத அகராதியும் பிற அடைவுகளும் தொடங்கும். சுவடியில் இருந்த நூலுக்கும் அச்சில் வந்த நூலுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு தாள் அன்று, அடைவு என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு சொல்லைக் கொண்டு அது வரும் பக்கங்களை எல்லாம் எட்டிவிடலாம். தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இத்தகைய சொல்லடைவுதான். பொறி இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் தேடும்போது அது உலகைத் தேடுவதில்லை; தன் அடைவைப் புரட்டுகிறது. அடைவில் ஏறாத பக்கம் உலகில் இல்லாத பக்கம்.

*

அடைவில் ஒரு சொல்லுக்கு எதிரே இலட்சம் பக்கங்கள் இருந்தால் எதை முதலில் காட்டுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் தகுதி என்ன என்று பார்த்து மதிப்பிடலாம் என்பது அது. ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் முறையிலிருந்து பெற்ற கருத்து. அந்த ஆண்டே கூகிள் நிறுவனம் தோன்றியது.

மேற்கோளின் வலிமையைத் தமிழ் மாணவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வளையாபதி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை, குண்டலகேசியும் கிடைக்கவில்லை, தகடூர் யாத்திரையும் இல்லை. ஆயினும் அவற்றின் பெயரும் சில பாடல்களும் நம்மிடம் உள்ளன. காரணம், புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் அவற்றை எடுத்தாண்டார்கள். தன் சுவடி செல்லரித்த பிறகும் பிறர் சுவடியில் ஒரு நூல் வாழ்கிறது. எடுத்தாளப்படாத நூல்கள் எத்தனை இருந்தன என்பதற்குக் கணக்கே இல்லை.

எங்கே மதிப்பு உண்டோ அங்கே போலியும் வரும். தொடக்ககாலத் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பியிருந்தன. எனவே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் வேண்டிய சொற்களை நூறு முறை எழுதி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, பொறிக்குத் தெரியும். பின்னர் சுட்டிகளுக்கு மதிப்பு வந்ததும் சுட்டிகளை விலைக்கு விற்கும் பண்ணைகள் தோன்றின. நம் மொழியில் இதற்கு வெகு காலமாகவே ஒரு பெயர் உண்டு: இடைச்செருகல். இடைச்செருகலைக் கண்டறியப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் பார்த்ததுபோலக் கூகிளும் பார்க்கத் தொடங்கியது. 2003 நவம்பரில் செய்த மாற்றத்தில் பல வணிகத் தளங்கள் ஒரே இரவில் காணாமற்போயின. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளமே அடைவிலிருந்து நீக்கப்பட்டது. பொறிக்கு ஒரு பக்கமும் வருகின்றவருக்கு வேறு பக்கமும் காட்டியது காரணம். திருத்திக்கொண்ட பிறகே மீண்டும் சேர்த்தார்கள். 2011இல் 'பாண்டா' என்ற மாற்றம் சாரமற்ற பக்கங்களையும், 2012இல் 'பெங்குயின்' என்ற மாற்றம் விலைக்கு வாங்கிய சுட்டிகளையும் குறிவைத்தன. மூன்று மாதத்தில் முதலிடம் என்று வாக்களிப்பவர் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை. தந்திரத்தால் ஏறிய இடம் தந்திரம் பிடிபடும் வரைதான்.

*

இனி, முன்னால் ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன்.

தமிழ் இணையத்துக்கு வெகு சீக்கிரமே வந்தது. சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரிலேயே தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. ஆனால் எழுத்துகளுக்கு ஒரே உருவம் இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த 'அ' என்ற எழுத்து ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவிலும் ஒவ்வோர் எண்ணாகச் சேமிக்கப்பட்டது. ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்திருந்ததால், எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். தேடுபொறிக்கோ அது எப்போதும் கிறுக்கல்தான். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் பரவலான கணினிகள் அதைக் காட்டும் நிலை வந்தது விண்டோஸ் 2000க்குப் பிறகே. இடைப்பட்ட காலத்தில் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. மடலாடற் குழுக்களில் திஸ்கி வழங்கியது. பெரும்பாலான இதழ்கள் தத்தம் எழுத்துருவிலேயே தொடர்ந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது.

இதில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. முதுகலை படித்தபோது எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. வந்த கட்டுரைகளை எல்லாம் நாங்கள் சில மாணவர்கள் இரவெல்லாம் தட்டச்சு செய்து கல்லூரித் தளத்தில் ஏற்றினோம். கம்பம் பள்ளத்தாக்கின் நாட்டார் தெய்வங்கள் பற்றி, முல்லைப் பெரியாற்றுப் பாசன வழக்குச் சொற்கள் பற்றி எல்லாம் நல்ல கட்டுரைகள் இருந்தன. எழுத்துரு யாரோ கொடுத்தது. இணையத்தில் ஏறிவிட்டது, இனி அழியாது என்று நம்பினோம். அக்கட்டுரைகள் ஒருநாளும் எந்தத் தேடலிலும் வரவில்லை. சில ஆண்டுகளில் தளத்தைப் புதுப்பித்தபோது அவை நீக்கப்பட்டன. யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு குறுந்தகடு இருக்கிறது. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். அக்கட்டுரைகளில் இரண்டை எழுதியவர்கள் இப்போது இல்லை. அச்சில் வந்திருந்தால் எங்காவது ஒரு நூலகத்தில் ஒரு படியாவது தூசியோடு இருந்திருக்கும்.

அதே காலத்தில் தொடங்கி வேறுவிதமாக நடந்துகொண்ட நிறுவனங்களும் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு.கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவினார்கள். அவர்களும் முதலில் தனி எழுத்துருவில்தான் தொடங்கினார்கள். பின்னர் திஸ்கிக்கும், அதன் பின்னர் ஒருங்குறிக்கும் நூல்களை மாற்றினார்கள். மாற்றியது என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். அதன் பின்னே எத்தனை பேருடைய எத்தனை மாலைப்பொழுதுகள் போயிருக்கும் என்று என் குறுந்தகட்டைப் பார்க்கும்போது எண்ணிக்கொள்வேன்.

அத்திட்டத்தின் கோப்புகளைக் கவனித்துப் பார்த்தால் இன்னும் சில நுட்பங்கள் புலப்படும். ஒவ்வொரு நூலுக்கும் மாறாத வரிசை எண் உண்டு. முதல் எண் திருக்குறளுக்கு. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழிலும் உரோமன் எழுத்திலும் இருக்கும். எந்த எழுத்தில் தேடுபவனுக்கும் கிட்டும். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். இந்த முகப்பை மாற்றாமல் யாரும் கோப்பை இலவசமாகப் பரப்பலாம் என்ற அனுமதி இருக்கும். எனவே எங்கெங்கோ படியெடுக்கப்பட்ட போதும் ஒவ்வொரு படியும் மூலத்தின் பெயரைச் சுமந்து சென்றது. புறத்திரட்டு நமக்குச் செய்ததை இந்த ஒரு பத்தி அவர்களுக்குச் செய்தது. இவர்கள் எந்த உகப்பாக்க நிறுவனத்துக்கும் பணம் கட்டியதாகத் தெரியவில்லை.

ஈழத்து நூலகம் இணையத்தளம் 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் நினைவு அம்முயற்சியின் பின்னால் இருக்கிறது. அங்கே பெரும்பாலான நூல்கள் ஒளிவருடிய பக்கங்களாக உள்ளன. படமாக உள்ள பக்கத்தைப் பொறி படிப்பது அரிது. அதனால் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு ஆகியவற்றோடு பல நூல்களுக்கு உள்ளடக்கத்தையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து தனிப்பக்கம் அமைத்தார்கள். பழைய இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் தலைப்பைத் தேடுபவன் நேராக அங்கே சென்று சேர்கிறான். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியபோதும் பழைய முகவரியைக் கைவிடவில்லை. அதைச் சுட்டி எழுதப்பட்ட பழைய கட்டுரைகளின் வழி அடைபடவில்லை. மாறாக, இலவச இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த பக்கங்களின் முகவரிகள் ஒரே நாளில் செத்துப்போயின.

நிறுவனங்களுக்குத் தேடுபொறி உகப்பாக்கத்தால் நீண்டகாலப் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் விடை. ஆனால் அந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொது எழுத்தில் எழுதுவது, தன் பெயரையும் தனக்கு வழங்கும் பிற பெயர்களையும் வெளிப்படையாகச் சொல்வது, முகவரியை மாற்றாமலிருப்பது, பிறர் எடுத்தாளத் தக்க ஒன்றை வைத்திருப்பது. இவை ஒருமுறை செய்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுப்பெறுபவை. தேடுபொறிகள் மாறினாலும் இவை வீணாவதில்லை. 2024 முதல் கூகிள் பல தேடல்களுக்குப் பக்கங்களின் பட்டியலுக்கு மேலே தானே ஒரு விடையைத் தொகுத்துத் தருகிறது. அந்த விடைக்கும் எங்கோ ஒருவர் தெளிவாக எழுதி வைத்த பக்கம் தேவைப்படுகிறது.

*

இதையெல்லாம் சுருக்கிச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பழத்துக்கு ஆயுசு நாலு நாளு. நீ சொல்றது நாலு வருசம் ஆகும்போலயே" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயம். நூலகத்துக்குக் காலம் உண்டு, கொத்துக்கு இல்லை. பறித்த பழத்துக்கு அன்றைக்கே ஆள் வேண்டும். அந்த ஆளை இணையத்தின் அடைவு கொண்டுவராது. வழக்கமான வியாபாரிதான் வர வேண்டும், அல்லது விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இதை ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று சொன்னேன். "பந்தல் போடுறப்ப பழமா இருக்கு சித்தப்பா? கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏத்தி, அப்புறந்தான காய்ப்பு." அவர் சிரித்தார். "பந்தலுக்குக் கடன் வாங்குனது எனக்குல்ல தெரியும்" என்றார். ஆனால் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாதாந்தரத் தொகை கட்டுவதில்லை என்று பிறகு சங்கத்தில் முடிவாயிற்று.

மறுநாள் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினோம். ஊர் எது, உத்தமபாளையம் வட்டத்தில் எங்கே இருக்கிறது, கம்பத்திலிருந்து அருவிக்குப் போகும் வழியில் எப்படி வந்து சேர்வது. ஆண்டு முழுவதும் இப்பள்ளத்தாக்கில் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்பது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இக்கொடியைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுவது. புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு. யாரிடம் பேச வேண்டும் என்பது. பெயர்களை எழுதும்போது ஒரு சிறு சிக்கல் வந்தது. நான் 'கறுப்புத் திராட்சை' என்று வல்லின றகரம் இட்டு எழுதினேன். பக்கத்தில் இருந்த சித்தப்பாவின் மகள், "அண்ணே, யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க, சின்ன ரதான் போடுவாங்க" என்றாள். வகுப்பில் இருபது ஆண்டுகளாகத் திருத்தி வந்த கை தயங்கியது. பிறகு திவாகரரை நினைத்துக்கொண்டு இரண்டையும் எழுதினேன். பன்னீர் திராட்சை, கறுப்புத் திராட்சை, கருப்பு திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க்; ஆங்கிலக் குறியீட்டுப் பதிவில் உள்ளபடி இகரம் விட்ட 'த்ராட்சை'யும்.

இன்னும் அப்பக்கம் முதலில் வரவில்லை. ஆனால் அடைவில் ஏறிவிட்டது. ஊர்ப்பெயரையும் பழத்தின் பெயரையும் சேர்த்து இட்டால் இரண்டாம் பக்கத்தில் தென்படுகிறது. அடுத்த விடுமுறையில் அந்தக் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம் என்றிருக்கிறேன். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். தெரியாவிட்டாலும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'அ' எந்தக் கிறுக்கலாக வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்.